இதெல்லாம் கலையா சார்? ராமநாதபுரம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இந்தக் கரையில் ஓவிய ஆசிரியராக இருந்தவன். 2012 டிசம்பரில் கொச்சி–முசிறி பினாலே என்ற நவீனக் கலைக் கண்காட்சி முதன்முதலாகத் தொடங்கியபோது மதுரை, தேனி, குமுளி என்று பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்தேன். அப்புறம் ஒவ்வொரு முறையும் யாரையாவது கூட்டிக்கொண்டுதான் போனேன். மாணவர்கள், மீனவர்கள், கடல்பாசி எடுக்கும் பெண்கள், ஒரு தடவை வல்லம் என்ற நாட்டுப்படகைக் கட்டும் ஓடாவி ஒருவர். ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் ஊர் மீன் ஏலக்கூடத்தில் நாங்களே மூன்று நாள் கண்காட்சி வைத்தோம். வேனிலும், கொச்சிக் கிடங்குகளிலும், ஏலக்கூடத்திலும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை. அந்த நேரத்தில் பதில் சொல்ல முடியாமல் நின்ற இடங்களும் உண்டு. அவற்றுக்குப் பிறகு யோசித்து எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பினாலே, பினாலே என்கிறீர்களே, அது என்ன?

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்று பொருள்படும் இத்தாலியச் சொல். வெனிஸ் நகரத்தில் 1895-ல் தொடங்கிய கண்காட்சியால் உலகம் முழுக்கப் பரவிய பெயர். கொச்சியில் இதைத் தொடங்கியவர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரண்டு கலைஞர்கள். 2012, 2014, 2016, 2018 என்று வரிசையாக நடந்தது. கொரோனாவால் இடைவெளி விழுந்து, பிறகு 2022-லும் 2025-லும் நடந்தது. ஃபோர்ட் கொச்சியில் ஒரு காலத்தில் மிளகும் கயிறும் அடுக்கி வைத்த பழைய வணிகக் கட்டடங்கள்தான் காட்சிக்கூடங்கள். பக்கத்திலேயே படகுத்துறை, சீன வலை, மீன் வாடை. சென்னையில் ஏசி போட்ட காலரியின் கண்ணாடிக் கதவைத் தள்ளத் தயங்குகிற நம் ஆட்கள், அங்கே செருப்போடு தாராளமாக உள்ளே போய்விடுவார்கள். இடம் ஒருவரை உள்ளே விடுகிறதா, வெளியே நிறுத்துகிறதா என்பதை நான் முதலில் கவனித்தது அங்கேதான்.

கேள்வி: நான் கட்டுகிற வல்லத்தைக் கொண்டுபோய் உள்ளே வைத்தால் அது கலையா? அப்படியானால் நான் யார்?

இதைக் கேட்டவர் ஓடாவி. முதல் பினாலேயில் சுபோத் குப்தா என்ற கலைஞர் வைத்திருந்த ஒரு பெரிய கேரளப் படகின் படத்தை அவரிடம் காட்டியிருந்தேன். அந்தப் படகு நிறைய கட்டில், நாற்காலி, பாத்திரம், பெட்டி, சைக்கிள், மீன்வலை என்று ஒரு குடும்பம் மொத்தமாகக் கிளம்பிப் போவதுபோலச் சாமான்கள் ஏற்றப்பட்டிருந்தன. படத்தை உற்றுப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி இது.

இந்தக் கேள்விக்கு வயது நூறுக்கு மேல். 1917-ல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சி. 6 டாலர் கட்டணம் கட்டியவர் எதை அனுப்பினாலும் வைப்போம் என்பது அதன் விதி. மார்செல் டூஷாம்ப் என்ற பிரெஞ்சுக் கலைஞர், கடையில் விற்கிற சிறுநீர்ப் பீங்கான் ஒன்றில் ‘ஆர். மட்’ என்று வேறொரு பெயரில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். விதியை மீறி அதை வைக்க மறுத்துவிட்டார்கள். அந்தப் பீங்கான் பிறகு தொலைந்தும் போனது. இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவை பின்னாளில் செய்த பிரதிகள். பொருளைச் செய்த கை முக்கியமா, அதை எடுத்து வேறு இடத்தில் வைத்து ‘இப்போது பார்’ என்று சொன்ன மனம் முக்கியமா என்ற சண்டை அன்று தொடங்கியது, இன்னும் ஓயவில்லை.

சரி, ஓடாவிக்கு என்ன பதில்? கடற்கரையில் கிடக்கும் வல்லத்தை நாம் பார்ப்பதே இல்லை. அது பாட்டுக்குக் கிடக்கும். அதே வல்லம் ஒரு கூடத்துக்குள் வீட்டுச் சாமான்களோடு நின்றால், ஊரைவிட்டுப் போனவர்கள் ஞாபகம் வருகிறது. அந்த ஞாபகத்தை உண்டாக்கியது கலைஞரின் வேலை, அதை மறுக்கமாட்டேன். ஆனால் பலகைக்குப் பலகை பொருத்தி, மூட்டு வாய்களில் பஞ்சு அடைத்துத் தண்ணீர் புகாமல் செய்தது இன்னொருவரின் வேலை. சினிமாவில் லைட் பிடித்தவர் பெயர் வரைக்கும் திரையில் ஓடுகிறது. கண்காட்சியின் குறிப்புப் பலகையில் படகு கட்டியவர் பெயரும் இருக்க வேண்டும். கண்காட்சியைத் தொகுக்கும் க்யூரேட்டர்களில் இதை நான் கேட்காதவர் இல்லை.

கேள்வி: வாழைப்பழத்தைச் சுவரில் ஒட்டி 52 கோடிக்கு விற்றார்களாமே, உண்மையா?

உண்மை. இத்தாலியரான மௌரிசியோ கத்தெலான் 2019-ல் அமெரிக்காவின் மியாமியில் ஒரு கலைச்சந்தையில் வாழைப்பழம் ஒன்றை டேப் போட்டுச் சுவரில் ஒட்டினார். அப்போது விலை 1,20,000 டாலர். 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் அது 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவர் அந்தப் பழத்தை மேடையில் உரித்துச் சாப்பிட்டார். அவர் வாங்கியது பழத்தையே இல்லை. ஒரு சான்றிதழும், எப்படி ஒட்ட வேண்டும் என்ற குறிப்பும்தான். பழத்தை அவ்வப்போது மாற்றிக்கொள்ளலாம்.

விலை எப்படி ஏறுகிறது என்று நம் ஏலக்கூடத்தில் நிற்பவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒரே கூடை சிங்கி இறாலுக்கு இரண்டு கம்பெனி ஏஜெண்டுகள் முறைத்துக்கொண்டால் விலை எங்கே போகும் என்று தெரிந்தவர்கள். அங்கேயும் அதுதான் நடந்தது.

எனக்கு அந்தக் கதையில் தங்கிப்போனது வேறு. ஏலத்துக்கான அந்தப் பழத்தை 35 சென்ட்டுக்கு விற்றவர், தெருவோரப் பழக்கடையில் வேலை பார்த்த வங்கதேசத்து முதியவர். என்ன விலைக்குப் போனது என்று ஒரு செய்தியாளர் சொன்னபோது அவர் அழுதுவிட்டார். இதை நான் சொன்னபோது வேனில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கரையில் கொடுத்த விலைக்கும் கடல் தாண்டிப் போய் விற்ற விலைக்கும் நடுவே நிற்பது எப்படி இருக்கும் என்று அந்த வேனில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

கேள்வி: பார்த்தால் ஒன்றுமே புரியவில்லை. எனக்குப் படிப்பு போதாதா?

படிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கொச்சியில் கருநீலமும் சாம்பலுமாக இருந்த ஒரு பெரிய ஓவியத்தின் முன் எங்கள் ஊர் மீனவர் ஒருவர் நின்று, ‘வாடை கிளம்புகிற நேரம்’ என்றார். ஓவியர் வாடைக்காற்றை நினைத்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் தண்ணீரின் நிறத்தை வைத்து நீவாடு, அதாவது கடலின் நீரோட்டம், எந்தப் பக்கம் என்று சொல்கிற கண் அவருடையது. அந்தக் கண்ணுக்குப் பட்டது அவருக்குச் சொந்தம்.

கீழக்கரையில் இருந்து வந்த ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) வேறு மாதிரி கேட்டார். ‘உருவம் இல்லாமல் என்னத்தைப் பார்ப்பது?’ என்றார். அவர் ஊர்ப் பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்களை நினைவுபடுத்தினேன். கோயில் வேலை செய்த சிற்பிகளின் பாணி, ஆனால் மனித உருவமோ விலங்கோ கிடையாது. பூவும் கொடியும் கோடும்தான். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு உருவமில்லாத ஓவியம் அந்நியமே இல்லை. சென்னையில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1960-களில் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்று ஒரு வரிசை வரைந்தார். எழுத்து மாதிரி இருக்கும், வாசிக்க முடியாது. ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும், பலன் பார்க்க முடியாது. வாசிக்க முடியாத எழுத்தை நாம் எவ்வளவு நேரம் பார்ப்போம்? அந்த நேரம்தான் அந்தப் படம்.

புரியாமல் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதில் பார்ப்பவர் மேல் தப்பில்லை. சுவரில் ஒட்டுகிற குறிப்புகள். ‘வெளியின் அரசியலை விசாரணைக்கு உட்படுத்துகிறது’ என்று எழுதினால் யாருக்கு என்ன தெரியும்? இங்கிலீஷில் எழுதி, அதை அப்படியே தமிழாக்கி ஒட்டுகிறார்கள். எதை வைத்துச் செய்தது, எங்கே செய்தது, ஏன் மனசு கேட்காமல் செய்தார் என்று மூன்று வரியில் எழுதலாமே.

கேள்வி: வீடியோவை முழுக்கப் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். பிடித்தால் உட்காருங்கள், இல்லையென்றால் எழுந்துவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

கேள்வி: அரண்மனை ஓவியங்கள் இருக்கும்போது இந்தப் புதுசெல்லாம் எதற்கு?

ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்துக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் முதலில் அங்கே போங்கள், கொச்சிக்கு அப்புறம் போகலாம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்தவை. ராமாயணம், பாகவதம் ஒரு பக்கம் இருக்கட்டும். சேதுபதி ஐரோப்பியரைச் சந்திப்பதும், தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டையும் சுவரில் இருக்கின்றன. அந்த ஓவியர்கள் வரைந்தது அவர்கள் காலத்துச் செய்தி. தொப்பியும் காற்சட்டையும் போட்ட வெள்ளைக்காரனைச் சுவரில் தீட்டியபோது அதுதான் அன்றைக்கு ஆகப் புதுசு. இன்று அது பழசாகத் தெரிவது நாம் முன்னூறு வருடம் தள்ளி நிற்பதால்.

இன்னும் பின்னால் போனால் அழகன்குளம். வைகை கடலைச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது, ரோமாபுரி வணிகத்தின் அடையாளங்களோடு, கப்பல் கீறிய பானை ஓடு ஒன்றும் கிடைத்தது. கரையில் நின்று கப்பலைப் பார்த்த யாரோ ஒருவர் கையில் கிடைத்ததில் கோடு போட்டிருக்கிறார். 2012 கொச்சியில் விவான் சுந்தரம் என்ற கலைஞர், பழைய முசிறித் துறைமுகம் என்று கருதப்படும், கேரளத்தின் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வில் வந்த பானை ஓடுகளைப் பரப்பி ஒரு நகரத்தையே தரையில் அமைத்திருந்தார். அருங்காட்சியகத்தில் சேராமல் மூட்டையில் ஒதுங்கும் உடைந்த ஓடுகள் அவை. அதைப் பார்த்து வந்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அழகன்குளத்து ஓடுகள் இந்தக் கரையிலேயே, இந்தப் பிள்ளைகள் முன்னால் இப்படி விரிக்கப்படும் நாளை நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

கேள்வி: எங்களைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் படம் இப்போது எங்கே இருக்கிறது?

பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் ஒரு அக்கா கேட்டது. இந்தப் பதில்களை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்வியால்தான்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மன்னார் வளைகுடாவில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பெண்கள் விடியும் முன் படகில் கிளம்பிப் போவார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பாறையில் இருக்கும் மரிக்கொழுந்து பாசியையும் கஞ்சிப்பாசியையும் பறிப்பார்கள். அகர் என்ற ஜெல்லிப் பொருள் செய்ய அது போகிறது. 1986-ல் இங்குள்ள 21 தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு தீவுப் பக்கம் போவதற்குத் தடை வந்தது. பிடிபட்டால் அபராதம், படகையும் பாசியையும் பறிகொடுக்கும் பயம்.

இந்த நிலையில் ஒருவர் கேமராவோடு வந்தார். நான்கு நாள் தங்கினார். அக்கா வீட்டில் சாப்பிட்டார். தண்ணீருக்குள் குனிந்து நிற்கும் அக்காவைப் படம் எடுத்தார். சில வருடம் கழித்து அக்காவின் தங்கை மகன் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது, ஏதோ ஒரு பெரிய நகரத்தில் அந்தப் படம் ஆளுயரத்துக்குத் தொங்குவதைக் கண்டுபிடித்தான். கீழே ‘பாசி சேகரிக்கும் பெண்’ என்று மட்டும் இருந்தது. அக்காவுக்கு முதலில் சந்தோஷம், பிறகு பயம். பின்னணியில் எந்தத் தீவு தெரிகிறது என்றுதான் முதலில் பார்த்தாராம். பயம் போனதும் கோபம். ‘என் வீட்டில் நாலு நாள் சாப்பிட்டவருக்கு என் பெயர் தெரியாதா?’ என்றார்.

படம் எடுத்தவர் கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. படம் நன்றாகவே இருந்தது. ஆனால் நம் கரையில் எடுத்ததை நம் கரைக்குத் திருப்பிக் கொண்டுவந்து காட்டாத கண்காட்சி பாதிக் கண்காட்சிதான். பெயர் போடலாமா, முகம் காட்டலாமா, பின்னணியை மறைக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் படம் வெளியே போக வேண்டும். சிலர் பெயர் போடச் சொல்வார்கள், சிலர் வேண்டவே வேண்டாம் என்பார்கள். இரண்டுக்கும் காரணம் இருக்கும். ஒரு தாளில் கையெழுத்து வாங்குவதோடு முடிகிற விஷயம் இல்லை இது. படத்தைப் பெரிதாக அச்சிட்டு, அந்த அக்காவின் தெருவில் அவர் சொந்தக்காரர்கள் முன்னால் மாட்டிப் பார்த்தால், எது சரி எது தப்பு என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த எம். பழனிக்குமார், மலம் அள்ளும் தொழிலாளர்களின் வாழ்க்கையைப் படமாக்கி அறியப்பட்டவர். இந்தக் கரையின் பாசிப் பெண்களையும் எடுத்திருக்கிறார். அவர் படங்கள் கிராமப்புற இந்தியாவைப் பதிவு செய்யும் பாரி (PARI) இணையதளத்தில் தமிழிலும் வருவதால், இங்கே உள்ள பிள்ளைகள் தங்கள் அம்மாக்களைப் பற்றித் தங்கள் மொழியிலேயே படிக்க முடிகிறது.

கேள்வி: கடல் தாண்டி வந்தவர்களின் துயரத்தைக் கண்காட்சி ஆக்கலாமா? அது எங்களை விற்பது ஆகாதா?

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்த ஒரு தம்பி கேட்டது. 1983-க்குப் பிறகு இந்தக் கரையில் இறங்கியவர்களின் கதை எல்லா வீட்டிலும் ஒரு துண்டாவது இருக்கும். 2022-ல் இலங்கையில் விலைவாசி தாங்காமல் வந்தவர்களைப் படகுக்காரர்கள் தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுப் போனது நேற்று நடந்தது போல இருக்கிறது.

நான் பார்த்த இரண்டு படைப்புகளைச் சொல்கிறேன். இரண்டும் ஒரே சம்பவத்திலிருந்து வந்தவை. 2015 செப்டம்பரில் சிரியாவிலிருந்து தப்பிய ஒரு குடும்பத்தின் படகு கவிழ்ந்து, ஆலன் குர்தி என்ற குழந்தையின் உடல் துருக்கிக் கரையில் ஒதுங்கியது. அந்தப் படத்தை உலகமே பார்த்தது.

2016-ல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய், கிரீஸின் லெஸ்போஸ் தீவுக் கரையில் அந்தக் குழந்தை கிடந்தது போலவே தானும் குப்புறப் படுத்துப் படம் எடுக்கவைத்தார். தில்லி கலைச்சந்தையில் அந்தப் படத்தை வைத்தார்கள். அவர் அகதிகளுக்காக நிஜமாகவே உழைத்தவர். கரையில் அகதிகள் விட்டுப்போன 14,000 உயிர்காப்பு உடைகளை பெர்லின் இசை அரங்கத்தின் தூண்களில் கட்டி எல்லோரையும் நின்று பார்க்க வைத்தவர். ஆனாலும் அந்தப் படம் எனக்கு உறுத்தியது. குழந்தை இருந்த இடத்தில் கலைஞர் இருந்தார். கண் அவர் மேலேயே போனது.

அதே ஆண்டு டிசம்பரில் கொச்சியில் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா ஒரு நீளமான கிடங்கின் தரை முழுக்கக் கடல்தண்ணீரை நிரப்பியிருந்தார். சுவர்களில் சில வரிகள். கடைசிச் சுவரில் இருந்ததைப் படிக்க வேண்டுமானால் தண்ணீரில் இறங்கி நடந்துதான் போக வேண்டும். அங்கே பேசப்பட்டது ஆலனைப் பற்றி இல்லை, அவன் அண்ணன் காலிபைப் பற்றி. அதே படகில் ஐந்து வயதில் செத்துப்போன பிள்ளை. அவனுக்குப் படம் இல்லை. அதனால் யாருக்கும் ஞாபகமும் இல்லை.

நான் கூட்டிப்போன பாசிக்கார அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். முதலில் குனிந்து தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்து உப்பு இருக்கிறதா என்று பார்த்தார். கடைசிச் சுவர் வரை நடந்து போனார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் வரிவரியாகச் சொல்லச் சொல்லக் கேட்டார். திரும்பி வரும்போது, ‘எங்க ஊர் ஆட்கள் இதில் எத்தனை பேர் நடந்து வந்திருக்கிறார்கள்’ என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

தம்பிக்கு என் பதில் இது. துயரத்தைக் கலையாக்கலாம். ஆனால் உங்கள் துயரத்தை எப்படிக் காட்டுவது என்று முதலில் தீர்மானிக்க வேண்டியவர்கள் நீங்கள். கொண்டுவந்த சாவி, ஒரு பள்ளிச் சான்றிதழ், நனைந்து காய்ந்த ஒரு போட்டோ. இதை வைப்பதும் வைக்காமல் பெட்டியிலேயே பூட்டுவதும் உங்கள் விருப்பம். வெளியிலிருந்து வருகிற கலைஞர் காத்திருக்கத்தான் வேண்டும்.

கேள்வி: தனுஷ்கோடி இடிபாடுகளை இவ்வளவு பேர் படமெடுக்கிறார்களே, அதில் தப்பு உண்டா?

தப்பில்லை. ஆனால் 1964 டிசம்பர் 22 இரவுப் புயலோடு அந்த ஊர் முடிந்துவிட்டது போலவும், மிச்சம் இருப்பது உடைந்த தேவாலயச் சுவர் மட்டும் போலவும் எடுக்கிறார்கள். அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே இன்றும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கின்றன. ஆள் குறுக்கே வந்தால் ‘கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் படமெடுத்தவரை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தக் குறுக்கே வந்தவரோடு சேர்ந்த படம் வேண்டும்.

கேள்வி: கண்காட்சி முடிந்ததும் பிரித்துப் போடுகிறார்களே, வீண் இல்லையா?

நம் மாவட்டத்துக்காரர் கேட்கலாமா இந்தக் கேள்வியை! புரவி எடுப்பு பார்த்ததில்லையா? வேளார் பிடி மண் வாங்கி, நாட்கணக்கில் பிசைந்து, சுட்டு, வண்ணம் அடித்துக் குதிரை செய்து கொடுப்பார். ஊரே தோளில் தூக்கிக்கொண்டு போய் அய்யனார் முன் நிறுத்தும். அதோடு சரி, வெயிலும் மழையும் பார்த்துக்கொள்ளும். கால் உடைந்த பழைய குதிரைகளுக்கு நடுவே புதுக் குதிரை நிற்கும். யாரும் அதை வீண் என்று சொன்னதில்லை. பெனிதா பெர்சியாள் என்ற திருவண்ணாமலைக்காரர் சாம்பிராணியையும் வாசனைப் பொருட்களையும் சேர்த்துச் சிற்பம் செய்கிறார். 2014 கொச்சியில் அவர் இருந்த கூடத்தைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் வாசனை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அந்த வாசனையை யார் மூட்டை கட்டி வைப்பது?

கேள்வி: கரையில் ஒதுங்கும் பவளப்பாறைத் துண்டுகளை வைத்துச் சிற்பம் செய்யலாமா?

செய்யாதீர்கள். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001-ல் பவளங்களைச் சேர்த்துவிட்டார்கள், கடல் அட்டையையும் அப்படியே. நம் பழைய வீடுகளின் சுவர்களில் பவளக்கல் இருக்கிறதே என்றால், அது வெட்டி எடுத்த காலத்தின் மிச்சம். அந்த வெட்டினால் பாறைகள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

கிழிந்த வலை இருக்கிறதே, அதை எடுங்கள். கடலில் அறுந்துபோன நைலான் வலை வருடக்கணக்கில் ஆமையையும் மீனையும் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கும். ஆஸ்திரேலியாவின் வடக்கே டோரஸ் நீரிணையில் எரூப் என்ற சின்னத் தீவில், தீவுக்காரர்கள் அப்படி ஒதுங்கும் வலைகளைப் பின்னி ஆமை, சுறா, திருக்கை என்று பெரிய பெரிய உருவங்கள் செய்கிறார்கள். 2016-ல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகம் வரைக்கும் அவை போயின. எங்கள் கண்காட்சியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வலைத் துண்டில் ஒரு ஆவுளியா, அதாவது கடல்பசு, பின்னினார்கள். வலை பின்னத் தெரிந்த தாத்தாக்கள் வந்து உட்கார்ந்து முடிச்சைத் திருத்திக் கொடுத்தார்கள்.

கேள்வி: சாமியை, மதத்தைத் தொட்டு வரைந்தால் பிரச்சினை வருமே?

வரலாம். ஓவியர் எம்.எஃப். உசேன் மேல் வழக்குகள் போட்டார்கள், படங்களைச் சேதப்படுத்தினார்கள். 2006-ல் நாட்டைவிட்டுப் போனவர் 2011-ல் லண்டனில் இறந்தார். அவருக்கு எதிரான வழக்குகளைத் தில்லி உயர் நீதிமன்றம் 2008-லேயே ரத்து செய்திருந்தது. அப்படியும் அவரால் திரும்ப முடியவில்லை. வரைபவரின் உரிமையில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் படத்தை மாட்டிவிட்டு ஏற்பாட்டாளர் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. கோபத்தோடு ஒருவர் வந்தால் அவருக்கு நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் வரை பேசுகிற ஆள் கூடத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: பள்ளிக்கூடச் சுவரில் பிள்ளைகள் வரைந்ததை அழித்துவிட்டு விளம்பரம் எழுதிவிட்டார்கள். கேட்க முடியுமா?

பிள்ளைகளின் சுவருக்காகக் கோர்ட்டுக்கு யாரும் போகப்போவதில்லை. ஆனால் தெரிந்துகொள்ளுங்கள். சுவர் ஒருவருடையதாக இருந்தாலும் அதில் உள்ள படைப்பின் மேல் கலைஞருக்கு ஒரு உரிமை உண்டு என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. தில்லி விக்யான் பவனில் இருந்த தன் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் பெயர்த்தெடுத்த அரசாங்கத்தின் மேல் சிற்பி அமர்நாத் சேகல் வழக்குப் போட்டு, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் எஞ்சிய துண்டுகளும் தர வேண்டும் என்று 2005-ல் தீர்ப்பு வாங்கினார்.

கேள்வி: என் மகள் ஓவியம் படிக்கணும் என்கிறாள். சோறு போடுமா?

அரசு கவின்கலைக் கல்லூரி சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கிறது. சென்னைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. நான்கு வருடப் பட்டப்படிப்பு. விளம்பரம், அனிமேஷன், சினிமாக் கலை, துணி வடிவமைப்பு, ஆசிரியர் வேலை என்று பிழைக்க வழி இருக்கிறது. படம் விற்று மட்டுமே வாழ்வது கஷ்டம், அதை மறைக்கமாட்டேன். 1966-ல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் நிலம் வாங்கினார்கள், ஓவியம் வரைந்தார்கள். அதுவும் கடற்கரைதான். அனுப்புங்கள் அண்ணே, அவள் கை நல்ல கை.

கேள்வி: எங்கள் ஊரிலும் வைக்க வேண்டும். எப்போது, எங்கே, எப்படி?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஏலக்கூடம் காலியாக இருக்கும், ஆட்கள் கரையில் இருப்பார்கள், பிள்ளைகளுக்கும் லீவு. வெயில்தான் எதிரி. அதனால் சாயங்காலம் நான்கு மணிக்குத் திறந்து இரவு ஒன்பது வரை வையுங்கள். பெண்கள் வேலை முடித்து ஏழு மணிக்குமேல்தான் வருவார்கள். அவர்கள் வரும்போது விளக்கை அணைக்கக் கூடாது.

உப்புக்காற்றில் சாதாரணப் பேப்பர் இரண்டு நாளில் சுருண்டுவிடும். துணியில் அச்சிடுங்கள், அல்லது பின்னால் பலகை ஒட்டுங்கள். சாதா ஆணி துருப்பிடித்துச் சுவரில் கறை விடும். நாங்கள் வலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம், கச்சான் காற்று அடித்தபோது படங்கள் ஆடின, ஆனால் விழவில்லை. பாதிப் படங்களை ஐந்து வயதுப் பிள்ளையின் கண் உயரத்தில் வையுங்கள். குறிப்புகளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதுங்கள், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துச் சொல்ல இரண்டு மாணவர்களை நிறுத்துங்கள். திறந்துவைக்கப் பெரிய ஆள் தேடாதீர்கள். எங்கள் கூடத்தைத் திறந்தவர் அதே கூடத்தில் தினமும் ஏலம் கூவுகிறவர். கூவுகிற குரலிலேயே ஒவ்வொரு படத்தின் பெயரையும் சொன்னார்.

கேள்வி: சார், முடிந்ததும் இந்தப் படமெல்லாம் யார் வீட்டுக்குப் போகும்?

இரண்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டது. யார் யார் படத்தில் இருக்கிறார்களோ அவரவர் வீட்டுக்கு என்றேன். மூன்றாம் நாள் இரவு அப்படியே நடந்தது. கயிற்றை அவிழ்த்து, சுருட்டி, டிவிஎஸ் எக்ஸெல்லில் வைத்துக் கொண்டுபோனார்கள். அந்தப் பாசிக்கார அக்காவையும் ஓர் இளைஞர் புதிதாகப் படமெடுத்திருந்தார். இந்த முறை கீழே அவர் சொன்னபடி பெயர் இருந்தது, பின்னால் தீவு இல்லை. அதை அவர் சுவரில் மாட்டவில்லை. உப்பு ஏறிவிடும் என்று அரிசி டிரம்முக்குள் துணி சுற்றி வைத்திருக்கிறார். அடுத்த தடைக்காலத்துக்குக் கேட்டிருக்கிறோம், தருகிறேன் என்றிருக்கிறார்.